காற்று நெல்லும் லேஹாவின் ஆறு ரெலோங்கும்

அறுவடை மெஷின் ஓட்டுகிறவனிடம் எந்த வயலும் பொய் சொல்ல முடியாது. வரப்பில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள். மேலே என் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் யாருடைய வயலில் எது நிற்கிறது என்பது தெரியும். கெடா மாநிலத்தில் கம்போங் பாரிட் லீமா என்ற கிராமத்தில் இருபத்தெட்டு வருஷமாக நான் அப்படி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மானிய உரத்தை வயலுக்குப் போடாமல் விற்றவர் யார், மருந்தை இரண்டு மடங்காக அடித்தவர் யார், எல்லாம் தெரியும். வாயைத் திறப்பதில்லை. திறந்தால் அடுத்த போகத்துக்கு வேறு மெஷினைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

காக் லேஹாவின், அதாவது லேஹா அக்காவின், வயலைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். அவர் நிலம் போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஊரில் யாரும் அப்படி நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. நான் நினைக்கிறேன்.

லேஹா கடற்கரைப் பெண். குவாலா கெடாவில் மீன் காயப்போடும் வீட்டில் பிறந்து, இருபது வயதில் ஜூசோவைக் கட்டிக்கொண்டு இந்த நெல் சமவெளிக்கு வந்தவர். வந்த புதிதில் சேற்றில் கால் வைக்கவே அருவருப்பாக இருந்தது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் பார்க்க ஆரம்பித்தபோது அந்த அருவருப்பெல்லாம் போய், ஜூசோவைவிட வேகமாகக் களை பிடுங்குகிறவராக இருந்தார். பிடுங்கிய களையின் வேரிலுள்ள மண்ணை வலது முழங்காலில் தட்டி உதறுவார். அவருடைய எல்லாக் கால்சட்டையிலும் அந்த ஒரு முழங்கால் மட்டும் கறுத்திருக்கும். கோபம் சட்டென்று வரும். சட்டென்று போகவும் செய்யும், ஆனால் அதற்குள் நாலு வார்த்தை வெளியே வந்திருக்கும்.

அவர்கள் பயிரிட்ட ஆறு ரெலோங்கும், நாலேகால் ஏக்கர் இருக்கும், அவர்களுடையது அல்ல. அலோர் ஸ்டாரில் இருக்கும் ஹாஜி முக்தாருடையது. ஜூசோவின் அப்பா காலத்திலிருந்து அவர்கள்தான் செய்கிறார்கள், ஆனால் பத்திரம் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஒவ்வொரு அறுவடையும் முடிந்ததும் ஹாஜி வருவார், ஒரு கோப்பி குடிப்பார், எழுந்து போகும்போது “அடுத்த போகமும் செய்” என்பார். அந்த மூன்று வார்த்தைதான் பத்திரம். இந்தப் பக்கத்தில் பாதி நிலம் அப்படித்தான் ஓடுகிறது.

ஆறு வருஷத்துக்கு முன் ஜூசோ காலைச் சந்தையில் காய்கறிப் பையோடு விழுந்தார், எழுந்திருக்கவில்லை. மகன்கள் இருவரும் பினாங்கிலும் ஜொகூரிலும் தொழிற்சாலையில் இருந்தார்கள். வயலை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடு என்று இரண்டு பேரும் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. “அங்க வந்து நான் என்ன செய்ய, உங்க மாடி வீட்டு ஜன்னலைத் தொடைக்கவா?” என்று கேட்டாராம். ஜூசோவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்.

அவர் இறங்கிய நேரம் கெட்ட நேரம். காற்று நெல் பெருகிய நேரம்.

காற்று நெல்லும் நெல்தான். அதுதான் அதில் உள்ள அயோக்கியத்தனம். முளைக்கும்போது நல்ல நெல் போலவே முளைக்கும், தூர் கட்டும்போதும் அதே பச்சை. கதிர் வரும்போதுதான் ஒரு முழம் உயரமாக எழுந்து தன்னைக் காட்டும். காட்டிய சில நாளில், நல்ல நெல் முற்றுவதற்கு முன்பே, ஒரு காற்று அடித்தால் மணியெல்லாம் உதிர்ந்துவிடும். உதிர்ந்தது சேற்றில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நெல்லைக் கொல்லாமல் அதைக் கொல்லும் மருந்து வெகுநாள் கிடையாது. பிறகு ஒரு விதை வந்தது. அந்த விதையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சாகடிக்கும் மருந்தும் கூடவே வந்தது. தொடர்ந்து இரண்டு போகத்துக்கு மேல் போடாதே என்று பையிலேயே எழுதியிருந்தது. எங்கள் ஆட்கள் எட்டுப் போகம் போட்டார்கள். ஒன்பதாவது போகத்தில் அந்த மருந்தைக் குடித்துவிட்டுக் காற்று நெல் சும்மா நின்றது.

லேஹாவின் வயலில் அந்த வருஷம் மூன்றில் ஒரு பங்கு காற்று நெல். நான் அறுத்துக் கொட்டியபோது மூட்டைக்குள் பாதி பதர். ஹாஜி வந்தார், கோப்பியைக் குடித்தார், வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை.

“லேஹா, பெரிய கம்பெனி ஒண்ணு இந்தப் பக்கம் முன்னூறு ரெலோங் எடுத்திருக்கு, தெரியுமில்ல? இந்த ஆறையும் கேக்கிறாங்க” என்றார். “ஜூசோவோட அப்பாவை நான் நினைக்கிறேன். அதனால மூணு போகம் தர்றேன். அதுக்குள்ள வயலைச் சுத்தமாக்கு. ஆகலேன்னா என்னைக் குறை சொல்லக் கூடாது.”

மூன்று போகம் என்றால் ஒன்றரை வருஷம்.

லேஹா மறுநாளே விவசாய அலுவலகத்துக்குப் போனார். அங்கே அப்போது ஒரு சின்னப் பெண் அதிகாரி இருந்தாள். நல்ல பெண், பிறகு எங்கேயோ மாற்றிவிட்டார்கள். அவள் சொன்னது ஒரு மருந்து இல்லை, ஒரு வேலைப் பட்டியல். வயலை உழுது ஈரமாக விடு, காற்று நெல்லை முளைக்கவிடு, முளைத்ததைச் சேற்றோடு மடக்கி உழு. மறுபடி முளைக்கவிடு, மறுபடி மடக்கு. விதையை வீசாதே, சுத்தமான விதையில் தட்டு நாற்று வளர்த்து நடு. நட்டதும் வயலில் தண்ணீரைத் தேக்கி வை. மிஞ்சி வருவதைக் கதிர் உதிரும் முன் கையால் பிடுங்கு. அறுவடை மெஷினைக் கழுவாமல் உள்ளே விடாதே. இதில் ஒன்றைச் செய்து ஒன்றை விட்டால் எல்லாம் வீண் என்றாளாம்.

கேட்பதற்குச் சுலபம். எங்கள் ஊரில் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய்க்காலில் வரும், ஒரே நேரத்தில் நிற்கும். ஊரே விதை வீசிக்கொண்டிருந்தபோது லேஹா வயலைப் போட்டுவிட்டுக் களை முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பிக் கடையில் பாக் தே என்ற கிழவருக்கு அன்றாடம் ஒரு விஷயம் கிடைத்தது.

“என்ன லெச்சு, உன் காக் இந்தப் போகம் களைக்குத் தண்ணி கட்டுறாளாமே. வெளைஞ்சதும் அதை வித்து ஹஜ்ஜுக்குப் போகப் போறாளா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னை லெட்சுமணன் என்ற முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள் தபால்காரர்தான், மற்ற எல்லோருக்கும் லெச்சு. எல்லோரோடும் சேர்ந்து சிரித்தால்தான் எல்லோருடைய வயலிலும் எனக்கு வேலை.

முதல் போகம் அடி. ஊரில் பெரும்பாலோர் வீசி மூன்று வாரம் கழித்து நட்டதால், அவர்கள் அறுத்தபின்னும் அவர் வயலும், கடைசியாக வீசிய நாலைந்து வயலும்தான் நின்றன. ஊரிலுள்ள எலியும் குருவியும் அங்கேதான் விருந்துக்கு வந்தன. விளைச்சல் முன்னைவிடக் குறைவு. ஆனால் மேலேயிருந்து பார்த்தேன், காற்று நெல் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது.

அந்த அறுவடையில்தான் சண்டை வந்தது. நான் மெஷினை அவர் வரப்பில் ஏற்றப் போனேன். வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

“கழுவிட்டு எறங்கு.”

“காக், கழுவணும்னா ஒன்றரை மணி நேரம் ஆகும். மூடியெல்லாம் கழட்டி ஊதணும். அங்க பாருங்க, மழை கறுத்துக்கிட்டு வருது.”

“கறுக்கட்டும். யாரு வயல்லேந்து வர்றே?”

“காக் லோங் கயா வயல்லேந்துதான்.”

“அப்போ ரெண்டு தடவ கழுவு.”

கயா ஜூசோவின் மூத்த அக்காள், அதனால்தான் காக் லோங், பெரியக்கா. பக்கத்து வயல் அவருடையது. அந்த நேரத்தில் அவர் நாலடி தள்ளி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். லேஹா பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

“என் நெல்லு பட்டா நஜீஸா?” என்றார் கயா. பன்றியும் நாயும் பட்ட அசுத்தத்துக்குச் சொல்லும் வார்த்தை அது. “இந்த ரெண்டு வயலுக்கும் நடுவுல வரப்பே வேண்டாம்னு சொன்னவன் என் தம்பி. அவன் போயி நீ வந்து நிக்கிறே, என் வயலைக் கழுவச் சொல்லிக்கிட்டு!”

“வயலைச் சொல்லல காக் லோங், மெஷினைத்தான்...”

“எல்லாம் புரிஞ்சுது.”

கயா திரும்பி நடந்தார். முழங்கால் வலிக்காரர், வரப்பில் ஆடி ஆடித்தான் நடப்பார். அன்று விறுவிறுவென்று போனார். நான் திட்டிக்கொண்டே மெஷினைக் கழுவினேன். மழை வந்தது, வரிசையில் நின்ற நாலு பேருடைய நெல் நனைந்தது. அந்த நாலு பேரும் லேஹாவிடம் பேசுவதை நிறுத்தினார்கள். அவர்களோடு அவர்களுடைய சொந்தங்களும். எங்கள் ஊரில் யாருக்கும் சொந்தம் இல்லாதவன் நான் ஒருவன்தான்.

சில மாதம் கழித்து ஜூசோவின் நினைவு விருந்து வந்தது. லேஹா அறுபது பேருக்குச் சமைத்தார். மாட்டுக்கறி நான் தொடமாட்டேன் என்று எனக்கென்று தனியாக ஒரு சட்டியில் மீன் குழம்பு வைத்திருந்தார். வந்தது பதினொரு பேர். இமாமும் அவரோடு வந்தவர்களும் நானும். கயா வரவில்லை, சொந்தத் தம்பிக்கு ஓதும் துஆவுக்கே வரவில்லை. லேஹா எங்களுக்குப் பரிமாறினார். மீந்த குழம்பை மூன்று நாள் சுடவைத்துச் சுடவைத்துத் தின்றதாகப் பிறகு சொன்னார். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது போகம் நன்றாக வந்தது. விவசாய அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, தன் மடைக்கு மட்டும் பத்து நாள் முன்னால் தண்ணீர் வாங்கிவிட்டார். எப்படி வாங்கினார் என்று கேட்டேன். “தண்ணி குடுக்கிற வரைக்கும் எந்திரிக்கமாட்டேன்னு சொன்னேன். அந்த ஆபீசர் மத்தியானம் சாப்பிடப் போகணும்ல” என்றார். நேரத்தில் நட்டார், நேரத்தில் அறுத்தோம். ஆறு ரெலோங்கிலும் நான் எண்ணிய காற்று நெல் நாற்பதுக்குள். ஹாஜி வந்து கோப்பி குடித்து, “இன்னும் ஒரு போகம் இப்படி வந்துட்டா நான் கம்பெனிக்காரன்கிட்ட பேச்சையே எடுக்கமாட்டேன்” என்று சொல்லிப் போனார். அன்று லேஹா எனக்குக் கோப்பியில் இரண்டு கரண்டி கெட்டிப்பால் அதிகமாக ஊற்றினார்.

மூன்றாவது போகத்தில் நத்தை வந்தது. களை வராமலிருக்க நட்டதும் தண்ணீரைத் தேக்கவேண்டும். தண்ணீர் தேங்கினால் நத்தைக்குக் கொண்டாட்டம், இளம் நாற்றை அடியோடு தின்றுவிடும். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்குத் தீனி. லேஹா பகலெல்லாம் நத்தையைப் பொறுக்கினார். அப்படியும் வாய்க்கால் ஓரமாக அரை ரெலோங் அளவுக்கு மொட்டையாகிவிட்டது. தட்டில் வளர்த்த நாற்று தீர்ந்துபோயிருந்தது.

விட்டுப்போன இடத்தில் நாற்று ஊன்றும்போது பக்கத்து வயல்காரர் தன்னிடம் நெருக்கமாக நிற்பதைக் கலைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். கேட்டு வாங்கமாட்டார்கள். கொடுப்பவர்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்வது, விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் சோற்றைத் தள்ளிவைப்பது மாதிரி.

நான் அன்று காலை லேஹாவின் வீட்டு வாசலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கயா வந்தார். இடுப்பில் ஒரு பேசின், கையில் ஒரு பேசின், இரண்டிலும் நாற்று. ஏழெட்டு மாதமாக அந்த வாசலை மிதிக்காதவர்.

“நத்தை தின்னுடுச்சாமே” என்றார், லேஹாவின் முகத்தைப் பார்க்காமல். “என் வயல்ல ஒரு ஓரமா ரொம்ப நெருக்கி நின்னுச்சு. விடிஞ்சதுலேந்து குனிஞ்சு எடுத்தேன். என் முட்டியக் கேட்டா சொல்லும்.”

லேஹா நாற்றைப் பார்த்தார். பிறகு கயாவைப் பார்த்தார். “உக்காருங்க காக் லோங், கோப்பி போடறேன்” என்று உள்ளே போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் நானும் கோப்பையைக் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

“நெருக்கமா நின்ன எடத்துலேந்து எடுத்திருக்காங்க லெச்சு” என்றார் தணிந்த குரலில். “வீசின வெத அப்படி நெருக்கமா விழாது. கீழேருந்து மொளச்சதும் சேர்ந்துதான் நெருக்கம். அதுல பாதி காத்து நெல்லு.”

“பாத்தா தெரியுதா?”

“பாத்தா எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியாது.”

“அப்போ இல்லாமலும் இருக்கலாம்ல?”

அவர் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான்தான் சொன்னேன். நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். “பேசாம வாங்கிக்குங்க காக். அவங்களா வந்திருக்காங்க. இதையும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா, நாளைக்கு உங்க ஜனாஸாவைத் தூக்க இமாமும் நானும்தான் வருவோம். அரை ரெலோங்தானே, வந்தா பிடுங்கிக்கலாம். பிடுங்கறதுல உங்களை மிஞ்ச ஆளா?”

“வாங்கி வச்சுக்கிட்டு, அவங்க போனதும் வாய்க்கால்ல விட்டுடவா?”

“அது உங்க இஷ்டம்.”

அதற்கும் வழியில்லாமல் போயிற்று. கோப்பியைக் குடித்து முடித்ததும் கயா சேலைபோல் இழுத்துக் கட்டியிருந்த சாரோங்கைத் தூக்கிச் செருகினார். “வா, ரெண்டு பேருமா ஊனிட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்” என்றார். இரண்டு பேரும் இறங்கினார்கள். நான் வரப்பில் நின்று பார்த்தேன். முதல் வரிசையை ஆளுக்கொரு ஓரத்திலிருந்து ஊன்றினார்கள். பிறகு கயா ஏதோ சொன்னார், லேஹா சிரித்தார். ஜூசோ சின்ன வயதில் இதே வாய்க்காலில் சாரோங் அவிழ்ந்து ஓடிய கதையாக இருக்கும், அந்தக் கதையைக் கயா எல்லோரிடமும் சொல்வார். எனக்கு மனசு நிறைந்திருந்தது. பெரிய காரியம் செய்துவிட்டதாக மெஷின் கொட்டகைக்குப் போனேன்.

அறுபது நாள் கழித்து அந்த அரை ரெலோங்கில் கதிர்கள் நல்ல நெல்லைவிட ஒரு முழம் உயரமாக எழுந்தன. பாதி இல்லை, முக்கால்.

லேஹா யாரிடமும் சொல்லவில்லை. காலையில் தனியாக இறங்கி ஒவ்வொரு தூராகப் பிடுங்க ஆரம்பித்தார். கதிர் பால் பிடித்திருந்தது, இன்னும் பத்து நாளில் உதிர்ந்துவிடும். இடையில் நல்ல நெல் நின்றதால் மெதுவாகத்தான் போகமுடியும். பிடுங்கியதை வயலில் விட்டால் உதிர்ந்து முளைக்கும் என்று வரப்புக்குக் கொண்டுவந்து குவித்தார். காய்ந்ததும் எரிக்கலாம் என்று. எட்டு நாளில் அது இடுப்பளவுக் குவியலாகிவிட்டது. முழங்காலில் தட்டித் தட்டி அவர் வலது கால் வீங்கியிருந்தது.

எட்டாவது நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து ஹாஜி முக்தார் காரில் வந்தார். அறுவடைக்கு முன் அவர் வருவதே இல்லை, கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்தியிருக்க வேண்டும். நான் எந்தத் தேதிக்கு மெஷினைக் கொண்டுவருவது என்று பார்க்க வந்திருந்தேன். ஹாஜியின் காரைப் பார்த்துக் கயாவும் ஸலாம் சொல்லத் தன் வரப்பில் வந்து நின்றார்.

ஹாஜி குவியலைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“இவ்வளவா லேஹா?”

“இவ்வளவும் வெளிய வந்துடுச்சு ஹாஜி. உள்ள இல்ல. எறங்கிப் பாருங்க, நான் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

ஹாஜி தன் சாரோங்கைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். இறங்கவில்லை. பக்கத்து வயல்களில் காற்று நெல் ஆள் உயரத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. மருந்தடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் வரப்பில் குவியல் இருக்காது. வேலை செய்தவர் வரப்பில்தான் இருக்கும். அதைத்தான் அவர் பார்த்தார்.

“போன போகம் இல்லையே, இது எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இப்போது சொன்னால் நிலம் தப்பும். இந்த ஒரு மூலையில் மட்டும்தான், கொடுத்த நாற்றில் வந்தது, மற்ற ஐந்தரை ரெலோங்கும் சுத்தம் என்று சொல்லிவிட்டால் போதும். ஹாஜி நியாயம் தெரிந்தவர். லேஹாவுக்கு அது தெரியும். அவர் வாயைத் திறந்தார். கயா நாலடி தள்ளி நின்று, கவலையாக அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியல ஹாஜி” என்றார் லேஹா. “மண்ணுலயே இருந்திருக்கும்.”

நான் பேசப் போனேன். லேஹா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை அவர் அதற்கு முன் என்னைப் பார்த்ததில்லை. நான் நிறுத்திவிட்டேன். பேசியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. இருபத்தெட்டு வருஷம் வாயை மூடிப் பழகியவனுக்கு அன்று ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

“மண்ணுல இருந்தா, மூணு போகம் செஞ்சும் போகலைன்னு அர்த்தம்” என்றார் ஹாஜி. “நீ ரொம்ப முயற்சி பண்ணிட்டே லேஹா. அல்லாஹ் உனக்குக் கூலி தருவான்.”

அறுவடையன்று நான் மெஷினைக் கழுவிவிட்டு, இரண்டு தடவை கழுவிவிட்டு, இறக்கினேன். மேலேயிருந்து பார்த்தேன். ஆறு ரெலோங்கிலும் தலைதூக்கி நின்ற கதிர் ஒன்றுகூட இல்லை. என் இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு வயலை அறுத்ததில்லை. விளைச்சல் அந்த வாய்க்கால் பக்கத்திலேயே அதிகம். ஹாஜி தன் பங்குக்கு ஆளனுப்பினார், அவர் வரவில்லை. கோப்பியும் குடிக்கவில்லை.

கயா இப்போது தினமும் லேஹாவின் வீட்டுக்கு வருகிறார். “நான் நாத்துகூடக் குடுத்தேன், அவ தலையெழுத்து, என்ன செய்ய” என்று கோப்பிக் கடை வரைக்கும் சொல்லிவிட்டார். லேஹா அதைக் கேட்டுக்கொண்டு கருவாடு வறுத்துப் போடுகிறார். ஒருநாள் எனக்குப் பொறுக்காமல், “காக், அவங்களுக்கு ஒரு நாளாவது தெரியணும்” என்றேன். “தெரிஞ்சா மறுபடி வரமாட்டாங்க. நிலமும் இல்ல, அவங்களும் இல்லேன்னா அப்புறம் எனக்கு இந்த ஊர்ல என்ன இருக்கு?” என்றார்.

லேஹாவின் நிலம் கம்பெனிக்குப் போனபின் நாலு பேர் என்னிடம் மெஷினைக் கழுவச் சொல்கிறார்கள். இரண்டு பேர் விதை வீசுவதை விட்டு நட ஆரம்பித்திருக்கிறார்கள். பாக் தே தன் மருமகனை லேஹாவிடம் அனுப்பி, எத்தனை நாள் முளைக்கவிட வேண்டும் என்று கேட்டுவரச் சொன்னாராம். அவர்களுக்கெல்லாம் சொந்த நிலம்.

கம்பெனி விதையை வீசி, மருந்தை அடித்து, ஒரே போகத்தில் அந்த ஆறு ரெலோங்கைப் பழையபடி ஆக்கிவிட்டது. அங்கே ஓடுவது அவர்களுடைய மெஷின், என்னுடையது அல்ல. முன்னூறு ரெலோங்கையும் ஒரே ஓட்டமாக ஓட்டுகிறது, கழுவுவதில்லை. கதிர் வந்ததும், நில உரிமையாளர்கள் பார்க்க வருவார்கள் என்று உயரமாக நிற்பதை மட்டும் பிடுங்க நாள்கூலிக்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். லேஹாவும் போனார். மகன்கள் அனுப்புவது போதாது, சேற்று வேலையைத் தவிர வேறு வேலை தெரியாது.

நான் அந்த வழியாகப் போனபோது எட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி பெர்லிஸ் பக்கத்திலிருந்து வந்த இளைஞன், ஊர்க்கதை அரைகுறையாகக் கேட்டிருக்கிறான். மூத்த பெண்களை மரியாதையாக ‘மாக்சிக்’ என்று அழைத்து, வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

“பிடுங்கினதை வரப்புல போடாதீங்க மாக்சிக்! அங்கேயே சேத்துல மிதிச்சுடுங்க. இந்த வயலை முன்னாடி ஒரு கிழவி வச்சிருந்தாளாம். வரப்புல குவிச்சு வச்சு, அதைப் பாத்துத்தான் நிலத்தையே புடுங்கிட்டாங்களாம். நமக்கு எதுக்கு வம்பு!”

பெண்களில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். லேஹா கையில் அப்போதுதான் பிடுங்கிய ஒரு தூர் இருந்தது, முற்றிய கதிரோடு. வழக்கம்போல முழங்காலுக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

“காக்” என்றேன் வரப்பிலிருந்து. “அதை மிதிச்சா உள்ள போய்...”

“எனக்குத் தெரியாதா லெச்சு?” என்றார். “நாலஞ்சு வருஷம் கெடக்கும்.”

தூரைக் கீழே போட்டு, பூட்ஸ் காலால் கதிர் மறையும்வரை சேற்றுக்குள் அழுத்தினார். பிறகு அடுத்ததைப் பிடுங்கக் குனிந்தார்.